வலிக்கு ஓர் உருவம்

நம் துணைவியாருக்கு முடக்குவாதம் கண்டு பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. விடியற்காலையில் விரல்களை மடக்குவதற்கே அவருக்கு அரைமணி நேரம் செல்லும். வீக்கம் வடிந்த நாள்களிலோ, கைகளில் நோயின் சுவடே தெரியாது. அத்தகைய ஒரு நாளில், "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?" என்று கேட்டுவிட்டோம். அன்று முதல் வலி என்ற சொல்லையே அவர் நம்மிடம் சொல்லவில்லை. அதனைப் பொறுமை என்றெண்ணி நாமும் மகிழ்ந்திருந்தோம்!

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்பர் மருத்துவர். அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், 1979-ஆம் ஆண்டு ஜான் கபட்-ஜின் என்பார் இத்தகையோருக்குப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். படுத்தவாறே கால்விரல் முதல் உச்சந்தலைவரை ஒவ்வோர் உறுப்பையும் வெறுப்பின்றிக் கவனிப்பது அதில் ஒரு பகுதி. வலியைத் துரத்துவதன்று, வலியையும் அதைப் பற்றிய அச்சத்தையும் பிரித்தறிவதே அதன் நோக்கம்.

மருத்துவரின் அறிவுரைப்படி துணைவியாரும் இதனை மேற்கொண்டார். முதல் வாரம் வலி கூடியது போலவே இருந்ததாம். பின்னர், அது ஒரே சீராய் இராமல் அலைபோல் ஏறி இறங்குவதைக் கண்டுகொண்டாராம். பேத்தியின் தடித்த வண்ணக் குச்சிகள் பிடிப்பதற்கு எளிதாயிருந்தமையால், கண்டதை அவற்றால் வரைந்து வைக்கலானார்.

மெக்சிகோ நாட்டு ஓவியர் ஃபிரிடா காலோ 1925-இல், தம் 18-ஆம் வயதில், பேருந்து விபத்தில் முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். கட்டிலின் மேல் பொருத்திய கண்ணாடியில் தம்மைப் பார்த்தே ஓவியம் தீட்டினார். 1944-இல் அவர் வரைந்த 'முறிந்த தூண்' ஓவியத்தில், முதுகெலும்பின் இடத்தில் உடைந்த தூணும், உடலெங்கும் ஆணிகளும் உள்ளன. சொல்லில் அடங்காத வேதனைக்கு அத்தூண் உருவம் தந்தது.

ஒரு மாலை துணைவியாரின் தாளொன்று நம் கண்ணில் பட்டது. மணிக்கட்டைச் சுற்றி முள்வேலி. அதன்கீழ் கனலும் கரி. ஓரத்தில், முதுகைக் காட்டி நாளேடு படிக்கும் ஒரு மனிதர். அவர் யாரென்று நாம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை நாமே காப்பி கலந்து எடுத்துச் சென்று, "இன்று எங்கே வலிக்கிறது?" என்று கேட்டோம். நெடுநேரம் நம்மைப் பார்த்தபின் அவர் பேசினார்.

வலி நீங்கிவிடவில்லை, மருந்தும் தொடர்கிறது. அண்மையில் வரைந்த படத்திலும் முள்வேலி இருக்கிறது. அந்த மனிதர் மட்டும் திரும்பி அமர்ந்திருக்கிறார்.