எண்ணெய் குறைத்த சோக்கா

பாட்னாவுக்கு மாற்றலாகி வந்தது முதல், லிட்டியோடு உண்ணும் உருளைக்கிழங்குச் சோக்கா எங்கள் இல்லத்திலும் குடிபுகுந்துவிட்டது. பச்சைக் கடுகெண்ணெயின் நெடியே அதற்கு உயிர் என்பர் இவ்வூரார். சென்ற ஆண்டு என் தாயாருக்கு இருதய நோய் கண்டது. எண்ணெயைக் குறைக்குமாறு மருத்துவர் கூறவே, அம்மா சோக்காவையே தொடாமல் ஒதுக்கினார்; சோறும் பாதியாயிற்று. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான்கு கிழங்குகளைத் தோலோடு வேகவைத்தேன். முழுப் பூண்டொன்றைத் தணலில் சுட்டுப் பிதுக்கினால் வெண்ணெய்போல் குழைகிறது. எண்ணெயின் வேலையில் பாதியை அதுவே செய்துவிடும். இரண்டு கரண்டி மோர், பச்சைமிளகாய், கொத்தமல்லி, சிறிதளவே உப்பு. கடுகெண்ணெய் அரைத் தேக்கரண்டி. அதையும் இறுதியில்தான் விடவேண்டும், மணம் மேலாக நிற்கும். சூடு ஆறுமுன் கையால் மசிப்பது நலம். ஆறினால் கட்டி தட்டும்.

“எண்ணெயை ஊற்றிவிட்டு மறைக்கிறாயா?” என்று அம்மா ஐயுற்றார். புட்டியைக் கொணர்ந்து காட்டினேன். அன்று மறுபடியும் சோறு கேட்டார்.