இடியைத் தேடி அனந்தபுரம்

மழை வந்தால் குடையைத் தேடுவது உலக வழக்கம். மழை எங்கே வரப்போகிறதென்று விசாரித்துக்கொண்டு, பெட்ரோலைச் செலவழித்து, மோட்டாரில் 150 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்களும் உலகத்தில் உண்டு. சென்ற வைகாசியில் ஒரு நாள் நாங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம். எங்களை இழுத்துச் சென்றவர் புகைப்படப் பித்துக் கொண்ட ஒரு சிநேகிதர். மின்னலைப் படம் பிடிக்காமல் அவருக்கு உறக்கம் வருவதில்லை.

இந்தப் பைத்தியம் புதிதல்ல. 1755-ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு சுழற்காற்றைக் குதிரையின் மேல் துரத்திச் சென்று, அதைச் சாட்டையால் அடித்தும் பார்த்தார். 1882-இல் பிலடெல்பியா நகரத்து வில்லியம் ஜென்னிங்ஸ் மின்னலைப் புகைப்படத்தில் பிடித்தார். இன்று ஓக்லஹோமா, கான்ஸஸ் சமவெளிகளில் புயல் துரத்துவோர் கூட்டங் கூட்டமாக அலைகிறார்கள். அதில் ஆபத்தும் உண்டு. சுழற்காற்றை ஆராய்வதிலேயே ஆயுளைக் கழித்த டிம் சாமராஸ் என்பவர், 2013-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி எல் ரீனோ என்னுமிடத்தில் தம் மகனுடன் அதற்கே இரையானார்.

நம் நாட்டில் இடிமழையைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திண்டிவனத்தைத் தாண்டினால் போதும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று மேலெழுகிறது. பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து ஈரக் காற்று உள்நாட்டுக்குள் நுழைகிறது. மேற்கே ஜவ்வாது மலை, திருவண்ணாமலைப் பக்கங்களில் திரண்ட மேகங்களை மேல் காற்று கிழக்கே தள்ளிவருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குக் கோபுரமாக எழும்புகிறது. அதற்குள்ளே பனித் துகள்கள் ஒன்றோடொன்று உராய்வதால் மின்சாரம் பிறக்கிறது.

இந்தச் சீமை ஆகாயத்தின் கோபத்தை நன்கறிந்த சீமை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்துக்குத் தெற்கேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

செஞ்சியில் காபி சாப்பிடும்போது மணி இரண்டு. சிநேகிதர் கைப்பேசியில் ராடார் படத்தைக் காட்டினார். திருவண்ணாமலைக்கு அப்பால் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. "இன்னும் இரண்டு மணி நேரத்தில் அனந்தபுரம்!" என்று அவர் ஜோசியர் போல் சொன்னார். காபியை நிதானமாகக் குடித்துவிட்டுத் தெற்கே புறப்பட்டோம். சாலையோரமெங்கும் வயல்களில் ஜனங்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் கண்ணோ மேற்கே இருந்தது.

அனந்தபுரத்துக்கு அருகில் பனமலை என்றொரு குன்று இருக்கிறது. காஞ்சிக் கைலாசநாதர் ஆலயத்தை எழுப்பிய பல்லவ மன்னன் இராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் அதன் மேல் நிற்கிறது. கோயிலையும், கீழே விரிந்த ஏரியையும், மேற்கில் மை தீட்டினாற்போல் எழும்பிய மேகத்தையும் பார்த்து மெய்ம்மறந்து நின்றோம். ஆனால் இடிமழையின்போது குன்றின் மேல் நிற்பதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை. முதல் உறுமல் காதில் விழுந்ததும் இறங்கிவிட்டோம்.

அனந்தபுரம் சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு நெல் காய்ந்துகொண்டிருந்தது. நவரை அறுவடை நெல். ஒரு கிழவர், அவர் மனைவி, பத்து வயதுப் பேத்தி ஆகிய மூவரும் அதை அவசரமாகக் குவித்துக்கொண்டிருந்தார்கள். சிநேகிதர் முக்காலியை நிறுத்திக் காமிராவைப் பொருத்தினார். மின்னல் வெட்டியது. எண்ணினோம். பதினைந்து எண்ணியதும் இடி கேட்டது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். ஆகவே ஐந்து கிலோமீட்டர். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ண முடியாவிட்டால் வெளியில் நிற்கக்கூடாது என்பது விதி.

திடீரென்று குளிர்ந்த காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. தார்ப்பாய் பறந்தது.

"படத்தை அப்புறம் புடிச்சிக்கலாம் தம்பி, இந்த முனையைக் கொஞ்சம் புடிங்க!" என்று கிழவர் கூவினார்.

பிடித்தோம். நெல்லைக் குவித்து, தார்ப்பாயைப் போர்த்தி, ஓரங்களில் கல்லை வைத்தோம். அடுத்த இடிக்கு ஆறுதான் எண்ண முடிந்தது. கிழவர் சாலையோரப் புளிய மரத்தடிக்கு ஓடப் பார்த்தார். அவர் கையைப் பிடித்து இழுத்து, எல்லோரையும் மோட்டாருக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினோம். மரத்தடிதான் மின்னலில் மிக அபாயமான இடம். கூரையுள்ள இரும்பு வண்டிக்குள் மின்சாரம் வெளிப்புறமாகவே ஓடித் தரையில் இறங்கிவிடும். அன்றைய மின்னல்களிலெல்லாம் பிரமாதமான மின்னல் அப்போதுதான் ஏரிக்கு மேல் இறங்கியது. காமிரா பைக்குள் இருந்தது.

மழையின் இரைச்சலுக்கு நடுவே கிழவர் கேட்டார்: "இது வரப்போவுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இரண்டு மணிக்கே தெரியும்" என்றார் சிநேகிதர், சற்றுப் பெருமையோடு.

"அப்ப வர்ற வழியில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தம்பி?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் பதில் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. செஞ்சியிலிருந்து எத்தனை வயல்களைக் கடந்து வந்தோம்! நம் தேசத்தில் ஆண்டுதோறும் இரண்டாயிரம் பேருக்கு மேல் மின்னலால் மடிகிறார்கள். வயலில் வேலை செய்யும் ஏழை எளியவர்களே அவர்களில் அதிகம். அடுத்த மூன்று மணி நேரத்து இடிமழையை வானிலை இலாகா அறிவிக்கிறது. புனே விஞ்ஞானிகளின் 'தாமினி' என்ற செயலி மின்னலைப் பற்றி எச்சரிக்கிறது. அறிவு இல்லாமலில்லை. அது காபிக் கடை மேஜை வரையில் வந்து, வயல் வரப்புக்குப் போகாமல் நின்றுவிடுகிறது.

மழை விட்ட பிறகு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தோம். ஓரத்தில் இரண்டு மூட்டை நெல் நனைந்திருந்தது, மற்றது தப்பியது. "நீங்க வந்தது நல்லதாச்சு" என்றார் பாட்டி. அந்த வார்த்தையைப் பெற எங்களுக்கு எவ்வளவு பாத்தியதை உண்டென்று எங்களுக்கே தெரியும்.

இடியைத் தேடி இன்னும் போகிறோம். ஆனால் இப்போது ஒரு நியமம் வைத்துக்கொண்டிருக்கிறோம். மேகத்தை முதலில் பார்த்தவர்கள், வயலில் இருப்பவர்களிடம் அதை முதலில் சொல்ல வேண்டும். காமிரா அதற்குப் பிறகுதான். நேயர்கள் புயலைத் துரத்த வேண்டியதில்லை. கைப்பேசியில் எச்சரிக்கை வரும்போது, தெருவிலோ தோட்டத்திலோ வேலை செய்பவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.