பழைய வன்தட்டில் வெள்ளாமை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் தனிப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு என்றும் அறிவித்தது. அந்த அக்டோபர் 14 தமிழ் நாட்காட்டியில் புரட்டாசி 28. கோவில்பட்டிக் கரிசலில் விதைப்பு முடிந்துகொண்டிருக்கும் நாட்கள். அந்த வாரத்தில் ஊரில் யாரைக் கண்டாலும் மழையைப் பற்றிய பேச்சு. கல்லூரிக்குள் மட்டும் ‘மேம்படுத்தியாயிற்றா?’ என்ற பேச்சு.

ஆனி மாதமே சுற்றறிக்கை வந்துவிட்டது. மேம்படுத்தாத கணினிகள் கல்லூரியின் வலைப்பின்னலிலிருந்து விலக்கப்படும். நியாயமான சுற்றறிக்கைதான். திருத்தம் நின்றுபோன இயங்குதளம் தாழ்ப்பாள் துருவேறிய கதவு. அதற்குப் பின்னால் மாணவர்களின் மதிப்பெண்களும் வினாத்தாள்களும் இருக்கின்றன. மற்றத் துறைகள் ஒரு பிற்பகலில் முடித்துவிட்ட இந்தக் காரியம் எங்கள் தமிழ்த்துறையில் நான்கு மாதம் இழுத்தது. அது ஏன் என்பதை எழுதிவைக்கத் தோன்றுகிறது. சிறு பதிப்பகங்களிலும் நூலகங்களிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் இருக்கும் நண்பர்கள் சிலருக்கேனும் இதே கேள்வி எழுந்திருக்கும்.

எங்கள் துறைக் கணினி 2018இல் வாங்கியது. விண்டோஸ் 11 கேட்கும் செயலி, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்பு. வாங்கிய அன்றே வேண்டுமென்றே அப்படி நிறுவச் சொன்னோம். காரணம், இரண்டு பழைய மென்பொருள்கள். ஒன்று, தொண்ணூறுகளில் எழுதப்பட்ட 16 பிட் நிரல். வழக்குச் சொற்களை அகரவரிசையில் அடுக்குவதற்கானது. மற்றொன்று, செருகுபூட்டு ஒன்றைப் பொருத்தினால் மட்டுமே திறக்கிற தமிழ் எழுத்துருத் தொகுப்பு. 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடா. பழைய பூட்டின் 32 பிட் இயக்கியும் அதில் ஏறாது. விண்டோஸ் 11க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. 32இலிருந்து 64க்குப் போவதென்றால் இருப்பதன்மேல் புதியதைப் போர்த்திக்கொள்ளும் வழியும் இல்லை. வன்தட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். ஆகவே ‘இப்போது நிறுவு’ என்ற பொத்தான் எங்களிடம் கேட்டது பாதுகாப்பைப் பற்றி அன்று. அந்த வன்தட்டில் இருப்பவற்றை என்ன செய்யப்போகிறாய் என்பதுதான் அதன் கேள்வி.

இருப்பவை, ஏறத்தாழ 1996 முதல் 2008 வரையிலான ஆய்வேடுகள். எம்.ஏ., எம்.ஃபில். மாணவர்கள் எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, கயத்தாறு பக்கத்து ஊர்களில் நடந்து சேகரித்த தாலாட்டு, ஒப்பாரி, விடுகதை, வழக்குச் சொல். (எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக்குழு 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளோடு நிறுத்திவிட்டது என்பதால் அந்த வகை ஏடு இனி எழுதப்படப்போவதுமில்லை.) ஆய்வேடாக இவற்றில் பல சாதாரணமானவை. முதல் இரண்டு இயல்கள் எல்லா ஏடுகளிலும் ஒன்றுபோலவே இருக்கும். பின்னிணைப்புகள்தாம் பொக்கிஷம். பாடியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. கட்டமைத்த பிரதிகளில் சிலவற்றைக் கறையான் தின்றது. மிஞ்சியது இந்தக் கோப்புகள்.

அந்தக் கோப்புகளில் இருப்பது தமிழ்தானா என்பதுதான் சிக்கல். ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடம் உண்டு. விண்டோஸ் 2000 அதை லதா எழுத்துருவோடு திரையில் காட்டவும் செய்தது. ஆனால் எங்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த தட்டச்சு மையங்களுக்கு அது வந்துசேர மேலும் பத்தாண்டு பிடித்தது. எக்ஸ்பியில் குறுந்தகட்டைச் செருகி, ‘சிக்கலான வரிவடிவங்கள்’ என்ற கட்டத்தில் குறியிட்டால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும் என்ற காலத்தை இங்கே வாசிப்பவர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதுவரை ஆண்டதெல்லாம் பாமினி, வானவில், ஸ்ரீலிபி, இளங்கோ, திஸ்கி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு முறை. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லிலிருந்து எழுத்துருவை நீக்கிவிட்டால் மிஞ்சுவது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் இருப்பது அதுதான். தமிழ் என்பது மேலே பூசிய சாயம். ஒருங்குறிக் கோப்பின் கதை வேறு. விண்டோஸ் 10 வந்தபோது லதா கூடுதல் எழுத்துருக்களின் பட்டியலுக்குத் தள்ளப்பட்டது. கேட்டு நிறுவினால்தான் வரும். அதனால் பழைய லதாக் கோப்புகளில் பக்க எண்கள் முன்பின்னாக நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். எழுத்துரு போனது, எழுத்து போகவில்லை.

சிவகாசியில் பல ஆண்டுகளாக அச்சு வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் யோசனை கேட்டேன். அவரிடம் இன்றும் எக்ஸ்பி கணினி ஒன்று ஓடுகிறது, பேஜ்மேக்கரோடு. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது என்றேன்.

“சார், அதுக்கு நெட்டு குடுத்தா ஒரே நாள்ல செத்துரும். குடுக்காம வச்சிருந்தா எங்காலம் வரைக்கும் ஓடும். எதுக்குப் போட்டுக் குழப்புதீக?”

அவருடைய தொழிலுக்கு அது சரியான விடை. அவருக்கு வேண்டியது காகிதத்தில் விழும் எழுத்து. கல்யாணப் பத்திரிகையையோ நாட்காட்டித் தாளையோ யாரும் இருபது வருடம் கழித்துத் தேடப்போவதில்லை. எனக்கு வேண்டியதோ தேடினால் அகப்படும் எழுத்து. கணினி அறிவியல் துறையில் இருக்கும் இளைய நண்பர் வேறொரு வழி சொன்னார்: பழைய இயங்குதளத்தை அப்படியே மெய்நிகர் கணினியாக்கிப் புதியதற்குள் ஒரு பெட்டிபோல வைத்துக்கொள்ளலாம். நடக்கக்கூடியதுதான். ஆனால் பெட்டிக்குள் இருந்தாலும் அது அரைப்புள்ளிதானே.

அப்படியானால் மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்கு நிரல்கள் உண்டு; சுரதாவின் ‘பொங்கு தமிழ்’ செயலியும் என்.ஹெச்.எம். மாற்றியும் எத்தனையோ பேரைக் கரைசேர்த்தவை. எங்கள் கோப்புகளில் ஒன்றை மாற்றிப் பார்த்தேன். நொடியில் எண்பது பக்கம் தமிழாயிற்று. கண்ணில் விழுந்த முதல் வரியில் ‘வௌ்ளாமை’ என்று இருந்தது.

இந்தப் பிழையை இணையத்தில் எல்லாரும் பார்த்திருப்போம்: ‘வௌியீடு’, ‘தௌிவு’. (தெளிவு என்ற சொல்லே இப்படிக் கலங்கிப்போனதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.) காரணம் எளிது. பழைய முறைகள் பலவற்றில் ஔகாரக் குறியின் வலப்பாதிக்குத் தனி இடம் தராமல் ளகரத்தையே பயன்படுத்தினார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘வெள்ளாமை’யில் கொம்பு, வகரம், ளகரம் என்று அடுத்தடுத்து வரக் கண்ட நிரல், ‘வௌவால்’ போல ஏதோ ஒன்று வருகிறது என்று முடிவுகட்டி மூன்றையும் ‘வௌ’ ஆக்கிவிடுகிறது. பின்னால் வரும் புள்ளி அந்தரத்தில் நிற்கிறது. கரிசலின் வாயில் புழங்கும் சொற்களில் எத்தனை இந்த வலையில் விழும் என்று எண்ணிப் பாருங்கள்: வெள்ளாமை, வெள்ளென, வெள்ளாடு, வெள்ளரிக்காய். இப்படி மாறிய கோப்பில் ஒருவர் ‘வெள்ளாமை’ என்று தேடினால், கரிசல்காட்டின் சொற்றொகுதி ஒன்றில் வெள்ளாமையே இல்லை என்று விடை வரும்.

தமிழ் படித்தவனுக்கு இது புதிய செய்தி அன்று. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றியபோது இந்த மயக்கங்களை ஒவ்வொரு சொல்லிலும் பொருள் அறிந்து தீர்க்க வேண்டியிருந்தது. அன்று காலும் ரகரமும். இன்று ஔகாரக் குறியின் பாதியும் ளகரமும். படிக்காமல் பெயர்த்தெழுத முடியாது என்பதில் மாற்றம் ஏதுமில்லை. ஐயருக்கு நிகண்டும் உரைகளும் துணை இருந்தன. வழக்குச் சொல்லுக்கு எந்தப் பிழைதிருத்தி துணைவரும்? கி.ரா. தொகுத்து 1982இல் வெளிவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றுதான் கையில் இருக்கிறது. அதில் இல்லாத சொல்லுக்குச் சொன்னவரின் ஊருக்குத்தான் போக வேண்டும்.

முதுகலை மாணவர்கள் ஆறு பேர் பிழை பார்க்க முன்வந்தார்கள். முதல் வாரம் எனக்குக் கலக்கமாகவே இருந்தது. நிரல் செய்யும் பிழையைவிட அவர்கள் செய்த திருத்தம் ஆபத்தானது. ‘வெள்ளென எந்திரிச்சு’ என்பதை ஒருவர் ‘வெள்ளம் என எழுந்து’ என்று எழுதியிருந்தார். ‘பருத்திமார்’ என்ற சொல் பருத்தி பயிரிடுபவர்கள் என்று உயர்திணைப் பன்மையாகியிருந்தது. அறுவடை முடிந்த காட்டில் பிடுங்கி அடுப்பெரிக்கிற செடியின் காய்ந்த தண்டுதான் அது. இவர்களும் இதே கரிசலில் பிறந்தவர்கள். ஆனால் இவர்கள் வீட்டில் எரிவது எரிவாயு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏடெடுத்து எழுதியவர்கள் தமக்குப் புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக மாற்றியதைத்தானே நாம் பாடபேதம் என்று வகுப்பில் நடத்துகிறோம்?

பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டோம். தெரியாத சொல்லைத் திருத்தக்கூடாது; குறித்துக்கொண்டு போய் வீட்டில் கேட்க வேண்டும். ஒரு மாணவி திங்கட்கிழமை வந்து, “ஐயா, கரம்பைக்கு ‘கண்மாய் வண்டல்’னு மட்டும் போட்டிருக்கு. அதுலதான் எங்க அப்பத்தா தலை தேய்ச்சுக் குளிச்சாங்களாம். அதையும் சேத்துக்கலாமா?” என்றாள். சேர்த்துக்கொண்டோம், புதிய குறிப்பு என்ற அடையாளத்தோடும் தேதியோடும். இருபது வருடத்துக்கு முன் சேகரித்தவருக்குக் கிடைக்காத செய்தி இப்போது கிடைத்தது. அதன்பின் இந்த வேலையை அவசரப்படுத்தக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனால் கெடு நெருங்கிவிட்டது. எங்கள் பக்கத்து மானாவாரிச் சம்சாரிகள் மழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில் விதைப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது சூதாட்டம்போலத் தெரியும். நனைந்த கரிசலுக்குள் கலப்பையும் போகாது, காலும் போகாது என்பதே காரணம். மழை வந்தபின் விதைக்கலாம் என்று காத்திருப்பவனுக்குக் காடு கதவைச் சாத்திவிடும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விதைப்பதும் இல்லை. சிறு தூறலில் முளைத்துக் கருகிவிடக்கூடும் என்பதால் மறுவிதைப்புக்கென்று கொஞ்சம் விதையை வீட்டில் நிறுத்திவைப்பார்கள்.

நாங்களும் அப்படியே செய்தோம். வன்தட்டைத் துடைக்கவில்லை. புதிய வன்தட்டு ஒன்றை வாங்கிப் பொருத்தி, அதில் விண்டோஸ் 11ஐப் புரட்டாசி கடைசி வாரத்தில் நிறுவினோம். பழையதைக் கழற்றி, செருகுபூட்டோடு துணியில் சுற்றி இரும்பு அலமாரியில் வைத்தோம். அதன் நேர்நகல்கள் இரண்டு வேறு வேறு கட்டடங்களில் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் மட்டும் பழையதைப் பொருத்தி, வலைத்தொடர்பு இல்லாமல் இயக்கி, ஓர் ஆய்வேட்டைத் திறக்கிறோம். மூலத்தை அந்த எழுத்துருவிலேயே அச்சிட்டுக்கொள்கிறோம். மாற்றிய பிரதியை அதனோடு வரிவரியாக ஒப்பிடுகிறோம். இது நிரந்தர ஏற்பாடு அன்று. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் வன்தட்டும் சாகும். ஒருவர் வாசித்து முடிக்கும் வரைக்குமான அவகாசத்தை வாங்கியிருக்கிறோம், அவ்வளவே.

இதுவரை ஐந்து ஆய்வேடுகள் முடிந்திருக்கின்றன. ஆறாவது, விளாத்திகுளம் பக்கத்து ஒப்பாரிப் பாடல்கள். தட்டச்சு செய்தவர் இடையில் எழுத்துருவை மாற்றியிருக்கிறார். நாற்பத்திரண்டாம் பக்கம் வரை பாமினி, அதற்குமேல் வேறு ஏதோ. எந்த எழுத்துருவைப் போட்டாலும் ழகரமும் துணைக்காலும் மட்டும் சரியாக வருகின்றன. பாடியவரின் மகள் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார் என்று ஒரு மாணவன் விசாரித்து வந்திருக்கிறான். வருகிற சனிக்கிழமை கணினியைத் திறக்கப்போவதில்லை; அங்கே போகிறோம்.