நாவும் நாணயமும்

விலை பேசுவது ஓதிப் படித்தவனுக்கு அழகன்று என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். கடைக்காரர் சொன்ன தொகையை எண்ணி வைத்து, ஸலாம் சொல்லித் திரும்புவதையே பெருந்தன்மை என்று கருதினோம். அந்த எண்ணத்திற்கு விலை கொடுத்தவள் நம் தங்கை.

2004ஆம் ஆண்டு. மைத்துனர் வஃபாத்தாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. புளியங்குடிக்கு மேற்கே அவர் விட்டுச் சென்ற எலுமிச்சைத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் எரிந்து போயிற்று. கோடைக்காலம், காய் பிடித்த மரங்கள் தண்ணீரின்றி வாடின. தங்கை தன்னிடமிருந்த ரொக்கத்தை நம் கையில் கொடுத்து, "நீங்களே பார்த்து வாங்குங்கள், அண்ணே" என்றாள். கடையில் 18,500 ரூபாய் என்றார்கள். மறுபேச்சின்றிக் கொடுத்தோம். பத்து நாள் கழித்து, அடுத்த தோட்டத்துக்காரர் அதே கடையில் அதே மோட்டாரை 15,000 ரூபாய்க்கு வாங்கி வந்தார். குழாய் இறக்கிய கூலிக்குப் பணம் பற்றாமல் தங்கை தன் மோதிரத்தை விற்றிருந்தாள். அதை அவள் நம்மிடம் சொல்லவில்லை. பிறர் சொல்லிக் கேட்டோம்.

அன்றிரவு, மதரஸாவில் ஓதிய காலத்திற்குப் பிறகு திறவாதிருந்த ஒரு பாடத்தைத் திறந்தோம். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், 'இஹ்யா'வில் தொழிலுக்கும் வாணிபத்திற்கும் தனியே ஒரு பகுதி வகுத்திருக்கிறார்கள். ஏழையிடம் வாங்கும்போது சற்று அதிகம் கொடுத்துவிட்டு வருவது நன்மை; ஆனால் தேவைக்கு மேல் லாபம் தேடும் செல்வந்த வணிகரிடம் ஏமாந்து வருவதில் நன்மையும் இல்லை, புகழும் இல்லை, அது பொருளை வீணாக்குவதே என்பது அவர்கள் கருத்து. ஹஸன், ஹுஸைன் (ரலி) போன்ற பெரியோர் வாங்கும்போது துருவித் துருவி விலை பேசினார்கள் என்றும், அவர்களே அள்ளியும் வழங்கினார்கள் என்றும் அங்கே காண்கிறோம். கொடை வேறு, ஏமாளித்தனம் வேறு. அதிலும் நாம் காட்டிய தாராளம் நம் பணத்தில் அன்று; ஒரு விதவையின் அமானிதப் பணத்தில்.

இருபத்தோராண்டுகள் கழிந்தன. அன்று எட்டு வயதுச் சிறுவனாயிருந்த மருமகன்தான் இப்போது தோட்டத்தைப் பார்க்கிறான். வட்டிக் கடன் வேண்டாம் என்று தாயும் மகனும் ஆண்டுக்கணக்கில் சேமித்து, டிராக்டர் வாங்க முனைந்தார்கள். 2025ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு தாளை ஏந்தி நம்மிடம் ஓடி வந்தான். "மாமா, 30,000 ரூபாய் தள்ளுபடி தருகிறார்கள்!"

விற்பனையாளர் முதலில் காட்டியது 50 குதிரைத்திறன் வண்டியாம். எலுமிச்சை மர வரிசைகளுக்கிடையே தாழ்ந்த கிளைகளில் இடிக்காமல் உழ, அகலம் குறைந்த சிறு வண்டியே ஏற்றது; அந்த அறிவு பையனுக்கு இருந்தது. தன் தேவை இன்னதென்று அறியாதவன், விலையில் வென்றாலும் வியாபாரத்தில் தோற்றவனே.

தாளை வாங்கிப் பார்த்தோம். வண்டியின் விலை 5,60,000. தள்ளுபடி 30,000. மீதி 5,30,000. அதன்கீழ்க் கூரை, கொக்கி, முன் பம்பர் ஆகியவற்றுக்கு 14,000. 'கையாளுகைக் கட்டணம்' 6,500. ஆக 5,50,500. பதிவும் இன்சூரன்சும் தனி.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பழைய விலையான 5,60,000இல் வண்டியின் அடிப்படை விலை 5,00,000, வரி 60,000. புதிய வரியோ 25,000 மட்டுமே. ஆகவே எவர் தயவும் இன்றியே வண்டியின் விலை 5,25,000 ஆகியிருக்க வேண்டும். அரசு விட்டுக்கொடுத்த 35,000இல் 5,000ஐத் தம்மிடம் நிறுத்திக்கொண்டு, மீதியைத் தள்ளுபடி என்று பெயரிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மருமகன் முகம் சுண்டிப் போயிற்று.

"தென்காசியில் 5 லட்சத்துக்கே தருவதாகச் சொல்லிப் பார்ப்போமா, மாமா?" என்றான்.

"அப்படி யாரும் சொன்னார்களா?"

"இல்லை. விலை பேசும்போது சொல்வதுதானே?"

வாசக அன்பர்களே, இங்கேதான் நம்மில் பலர் சறுக்குகிறோம். விற்பவரின் பொய்யைக் கண்டு கொதிக்கும் நாம், வாங்கும்போது சொல்லும் பொய்யைச் சாமர்த்தியம் என்கிறோம். அரபு மொழியில் 'ஷரா' என்னும் வினை விற்றலையும் குறிக்கும், வாங்கலையும் குறிக்கும். இருபுறத்தார்க்கும் ஒரே சொல் என்றால் இருபுறத்தார்க்கும் ஒரே நாணயம்தானே? ஃபிக்ஹு நூலார் விற்பனையை வகைப்படுத்தும்போது 'முஸாவமா', 'முராபஹா' என்று பிரிப்பர். முன்னது பேரம் பேசி முடிப்பது. தம் கொள்முதல் விலையைச் சொல்ல விற்பவர் கடமைப்பட்டவர் அல்லர். பின்னது கொள்முதல் இவ்வளவு, லாபம் இவ்வளவு என்று சொல்லி விற்பது. அங்கே ஒரு ரூபாயைக் கூட்டிச் சொன்னாலும் மோசடி. டிராக்டர் கடையில் நடப்பது முன்னது. எனவே "உமக்கு என்ன அடக்கம்?" என்று குடைய நமக்கு உரிமையில்லை. "இந்தத் தொகை எதற்கு?" என்று ஒவ்வொரு வரியையும் கேட்க உரிமையுண்டு.

பொய் சொல்லாமல் வேறிடத்து விலையைச் சொல்ல வேண்டுமானால், வேறிடத்தில் உண்மையாகவே விலை கேட்க வேண்டும். மருமகனைத் திருநெல்வேலிக்கு அனுப்பினோம். அதே வண்டிக்கு 5,18,000 என்று எழுத்திலேயே வாங்கி வந்தான். பிறகு நாங்கள் இருவரும் முதற்கடைக்குச் சென்றோம். பழுதுபார்க்கும் இடம் பக்கத்தில் இருப்பதும் ஒரு லாபமே என்பதால் அங்கேயே வாங்க விரும்பினோம். அதையும் மறைக்காமல் சொன்னோம்.

சிறுவயதில் தந்தையாருடன் மாட்டுத்தாவணிக்குச் சென்றதுண்டு. தரகர் துண்டை விரித்துக் கையை மூட, அதனடியில் விரல் பிடித்தே விலை நகரும். இங்கோ விலை அச்சிட்ட தாளில் பளபளக்கிறது. அச்சில் ஏறியதால் முடிந்த முடிவு என்று மயங்குகிறோம். உண்மையில் அதுவும் துண்டுக்குள் இருக்கும் விரல்தான்.

வரிக் கணக்கைத் தாளில் எழுதி மேலாளர் முன் வைத்தோம். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, 5,25,000 என்று திருத்தினார். திருநெல்வேலித் தாளைக் காட்டினோம். 5,15,000 என்றார். கையாளுகைக் கட்டணம் எதற்கென்று கேட்டோம். பதில் இல்லை, அதை அடித்தார். வண்டி தயாரான மாதத்தைக் கேட்டோம், தகட்டைக் காட்டினார். முடிவில் கூரை, கொக்கி, பம்பர் உட்பட 5,13,000 என்று பேசி முடித்தோம். பதிவுக்கும் இன்சூரன்சுக்கும் ரசீதில் உள்ள தொகை மட்டும். முதல் தாளுக்கும் இதற்கும் 37,500 ரூபாய் வேறுபாடு. எவரும் குரல் உயர்த்தவில்லை. ஒரே பரிமாற்றத்தில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடுத்திருப்பதால், வங்கி வழியே அனுப்ப ஒப்புக்கொண்டு, முன்பணம் செலுத்தி ரசீது பெற்றோம்.

சோதனை அதன்பின் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது திருநெல்வேலிக் கடையிலிருந்து மருமகனுக்கு அழைப்பு. 5,10,000க்குத் தருகிறார்களாம். அவன் கைப்பேசியை மூடிக்கொண்டு நம் முகத்தைப் பார்த்தான். 3,000 ரூபாய், கிட்டத்தட்ட அந்தப் பழைய மோதிரத்தின் விலை. நம் உள்ளமும் ஒரு கணம் ஆடியது என்பதை மறைப்பானேன்? ஒருவர் முடித்த வியாபாரத்தின் மேல் மற்றவர் வியாபாரம் பேசுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். ஆனாலும் இம்முறை நாம் வாய் திறக்கவில்லை. பணம் அவனுடையது, வாக்கும் அவனுடையது.

"பேசி முடித்துவிட்டோம், அண்ணாச்சி. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று அவனே சொல்லி வைத்தான்.

வண்டி வந்த அன்று தங்கை தோட்டத்து வாசலில் நின்று பார்த்தாள். கணக்கு முழுவதையும் அவளிடம் ஒப்படைத்தோம். தாளை மடித்து வைத்துக்கொண்டு, "மோட்டார் இன்னும் ஓடுகிறது, அண்ணே" என்று மட்டும் சொன்னாள். இருபத்தோராண்டுகளில் அதைப் பற்றி அவள் நம்மிடம் பேசிய முதற்சொல் அதுவே.

துருவிக் கேளுங்கள், பொய் சொல்லாதீர்கள், முடித்தபின் திரும்பிப் பாராதீர்கள். இம்மூன்றையும் கற்க நமக்கு ஒரு மோதிரம் செலவாயிற்று. உங்களுக்கு அச்செலவு நேராதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக.