பெட்டியும் பாடமும்

கோவையிலிருந்து தடாகம் வழியே மலையேறினால் ஆனைகட்டி. சாவடியைக் கடந்தால் பாலக்காட்டு அட்டப்பாடி. கடைத்தெரு ஒன்றுதான், அரசாங்கந்தான் இரண்டு. எல்லைக்கு இப்பால் கேரளத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் எங்களதும் ஒன்று. நாங்கள் உடன்பிறந்தோர் மூவர்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தோன்றியது. எங்கள் கூரைக்கு ஆண்டெனா ஏற மேலும் பல ஆண்டுகள் சென்றன. 'வயலும் வாழ்வும்' தொடங்கியதும் அப்பா பெட்டியின்முன் அமர்ந்துவிடுவார். எங்களுக்கோ வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' ஒன்றே குறி. ஆயினும் வேறு நிலையம் இல்லாமையால் உரம், பூச்சிமருந்து, பசுவின் மடிநோய் யாவும் எங்கள் காதிலும் விழுந்தன. கற்றோம் என்று சொல்லமாட்டோம், கேட்டோம்.

அரசு நிலையமும் விளம்பரத்தை அறியாததன்று. 1976இலேயே ஏற்கத் தொடங்கிவிட்டது. 1984இல் குடும்பக் கட்டுப்பாட்டைக் கதைவழியே உணர்த்த எழுந்த 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடருக்குப் பொருள் தந்தது ஒரு நூடுல்ஸ் நிறுவனம். போதனை மிகுகிறது என்று நேயர் முணுமுணுக்கவே, போதனை குறைந்து கதை வளர்ந்தது. நூடுல்ஸும் விற்றது.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தது. அவ்வாண்டே மலையாளத்தில் ஏஷியாநெட். கேபிள் கம்பி எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அப்பாவின் வேளாண்மை நேரத்தில் வேறோரிடத்தில் திரைப்படம் ஓடியது. ஒருநாள் அவர், "அந்த மாட்டு டாக்டர் இப்பவெல்லாம் வர்றதில்லையா?" என்று வினவினார். வந்துகொண்டுதான் இருந்தார், நாங்கள்தாம் அந்தப் பக்கம் திருப்பவில்லை. "நிறுத்திட்டாங்கப்பா" என்றோம்.

2020இல் பள்ளிகள் மூடின. கேரளத்தின் விக்டர்ஸ் ஜூன் 1 முதல் மலையாளத்தில் பாடம் நடத்திற்று. எங்களுள் மூத்தவரின் மகள் பயில்வது தமிழ்வழி. தமிழ்நாட்டில் 2019இல் பிறந்த கல்வித் தொலைக்காட்சி எங்கள் கம்பியில் இல்லை. நெடுந்தொடர் காட்டும் அலைவரிசைகளுக்கோ குறைவில்லை. கேபிள்காரரிடம் முறையிட்டோம். "அதை யாருங்க கேக்கறாங்க?" என்றார் அவர். கோபம் வந்தது, விடை சொல்ல நாவெழவில்லை. கேட்காதவர்கள் நாங்களுமல்லவா?

எல்லை கடக்க அனுமதிச்சீட்டு வேண்டிய காலம். சாவடிக்கு அப்பால் இருந்த அத்தை வீட்டுப் பெட்டியில் அந்த அலைவரிசை வந்தும் பயனில்லை. இறுதியில் கைபேசியில் யூடியூப் கைகொடுத்தது. திண்ணையின் ஒரு மூலையில் மட்டுமே அலை எட்டும். சிறுமி அங்கே அமர்வாள். அருகில் அப்பாவும் அமர்ந்து ஏழாம் வகுப்பு அறிவியலை முழுவதும் கேட்பார்.

ஒரு மாலை, "இதுலே மாட்டு டாக்டர் வருவாரா?" என்று பேத்தியிடம் கேட்டார். அப்போதுதான் அன்றைய பொய்யை ஒப்புக்கொண்டோம்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "நீங்க படம் பாக்கறீங்கன்னு நானும் உட்கார்ந்து பாத்தேன்."