நெடுந்தீவு: குதிரைகள், கல்வேலிகள், காணி உறுதிகள்

தமிழ்நாட்டில் நாளிதழ் படிப்பவர்களுக்கு நெடுந்தீவு ஒரு செய்தித் தலைப்பு. ‘நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது’ என்று அடிக்கடி கண்ணில் படும் பெயர். கச்சதீவும் நிர்வாகத்தில் இதன் பிரதேச செயலகத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அந்தத் தலைப்புக்குப் பின்னால் பள்ளிக்கூடமும் கோயிலும் தேவாலயமும் ஆஸ்பத்திரியும் உள்ள ஒரு முழு ஊர் இருப்பதைத் தெரிந்தவர்கள் குறைவு. தமிழியலை உலக அரங்குக்கு எடுத்துச்சென்ற தனிநாயகம் அடிகளாருக்குத் தந்தைவழி ஊர் இது. கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனின் பூர்வீகமும் இங்கேதான். ‘ஆடுகளம்’ படத்தில் அவரை நடிகராகப் பார்த்தவர்களுக்கு ‘நெடுந்தீவு ஆச்சிக்கு’ என்ற அவருடைய கவிதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை, தேடிப் படிக்கலாம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவே போட்ட வீதியில் போனால் குறிகட்டுவான் இறங்குதுறை வரும். தரைவழி அங்கே முடிகிறது. பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். நயினாதீவுக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்து மிரள வேண்டாம், நெடுந்தீவுப் படகு வேறு. படகில் ஆட்களுக்குச் சமமாகச் சாமான்களும் ஏறும்: சீமெந்து மூட்டை, எரிவாயுச் சிலிண்டர், முட்டை அட்டைகள், பலகை வைத்து ஏற்றும் மோட்டார் சைக்கிள். இத்தனையும் படகில் வந்துதான் ஊர் வாழ்கிறது என்பதைத் தீவில் வீடு கட்டும் ஆசை உள்ளவர் அங்கேயே மனதில் குறித்துக்கொள்வது நல்லது. நகரத்தில் போடும் கட்டுமானக் கணக்கு இங்கே செல்லாது. ஒவ்வொரு மூட்டைக்கும் ஏற்றுகூலி, படகுக்கூலி, இறக்குகூலி உண்டு.

பங்குனி, சித்திரையில் கடல் குளம்போலக் கிடக்கும். வைகாசிக்குப் பிறகு சோழகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பினால் கதை மாறும். காற்று பலமானால் படகு ஓடாது. மாரியில் தாழமுக்கம் வந்தாலும் அப்படித்தான்.

படகு என்றால் ஊராருக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவின் மாவிலித்துறையிலிருந்து புறப்பட்ட ‘குமுதினி’ படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளை ஊர் நினைவுகூர்கிறது. சுற்றுலாக் கையேடுகளில் குதிரையும் கோட்டையும் இருக்கும், இது இருக்காது.

கரையேறியதும் முதலில் கண்ணில் படுவது கல்வேலி. பனையோலையோ கிடுகோ கட்டும் வழக்கம் இங்கே குறைவு. மண்ணைத் தோண்டினால் கல்லாக வருவதால் முருகைக்கல்லை அடுக்கி எல்லை போட்டிருக்கிறார்கள். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. பெரிய கல்லுக்குமேல் சிறிய கல், சந்துக்குள் அதைவிடச் சிறியது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் உயிரோடிருந்த பவளத்தின் நெளிகோடுகள் அச்செடுத்ததுபோலத் தெரியும். சந்துகள் வழியே காற்று புகுந்து போவதால் சோழகத்துக்கும் வேலி சாய்வதில்லை. இலங்கையில் வேறெங்கும் ஊர் முழுக்க இப்படி ஒரு கைவேலையைப் பார்ப்பது அரிது. புதிதாகக் காணி வாங்குபவர்கள் இதைப் பிரித்துவிட்டுத் தகரம் அடிக்கிற நாள் வந்தால், ஊரின் பாதி அழகு அன்றே போய்விடும்.

குதிரைகளைப் பற்றிச் சொல்லாமல் தீராது. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து ஒல்லாந்தர் காலத்தில் பெருகிய குதிரைகளின் வழித்தோன்றல்கள் இப்போது காட்டுக்குதிரைகளாகத் தெற்கு, மேற்குப் புல்வெளிகளில் திரிகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி குதிரை வளர்ப்பை நடத்தினார். பழைய லாயத்தின் கல்தூண்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. மாரிக்குப் பிறகு புல் பச்சையாக இருக்கும்போது மினுமினுப்பாக இருக்கும் இதே குதிரைகள், ஆடி ஆவணியில் விலா எலும்பு தெரியத் தண்ணீர் தேடி அலையும். வறட்சி கடுமையான ஆண்டுகளில் செத்தும் போகின்றன. 2015இல் 1,800 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பு தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அது.

மற்றவற்றை ஒரு பகலில் ஓட்டோ பிடித்துப் பார்த்துவிடலாம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சிதைந்து நிற்கும் கோட்டை, புறாக்கூடு, பல பேர் உள்ளே நிற்கக்கூடிய குகைபோன்ற அடிமரத்தோடு ஒரு பெருக்கமரம், வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் இடத்தில் பவளக்கல்லால் கட்டிய பழைய பௌத்தத் தூபிகள். ஒல்லாந்தர் தீவகத்துக்கெல்லாம் தங்கள் நகரங்களின் பெயரை வைத்தார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன். அவையெல்லாம் மறைந்துபோய், இந்த ஊருக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் அரச கடிதத் தலைப்புவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனிக் காணி விஷயம். போரும் இடப்பெயர்வும் ஊரைக் காலியாக்கியதில் கூரை விழுந்த வீடுகளும் பராமரிப்பற்ற வளவுகளும் நிறைய. சொந்தக்காரர் லண்டனிலோ டொரன்டோவிலோ இருப்பார். இப்போது தீவில் இருப்பவர்கள் ஏறத்தாழ 4,000 பேர்தான். ஆகவே மலிவாகக் கிடைக்கும் என்ற எண்ணம் வருவது இயல்பு. ஊர்ப் பெரியவரிடம் ‘ஐயா, இங்க ஒரு பரப்பு என்ன விலை போகுது?’ என்று கேட்டால், ‘தண்ணி இருக்கிற காணியோ தம்பி, இல்லாத காணியோ?’ என்று எதிர்க்கேள்விதான் வரும்.

காரணம் நிலத்தடியில் இருக்கிறது. பவளப்பாறைக்குள் இறங்கும் மழைநீர், கீழே உள்ள உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. வாளியால் அள்ளினால் நிற்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறும். ஏறிய உப்பு அயல் கிணற்றையும் கெடுக்கும். சாராப்பிட்டிப் பக்கத்து நன்னீர்க் கிணறுகளை ஊர் பொன்போலப் பார்ப்பது அதனால்தான். நீச்சல்குளம் வைத்த விடுதி என்ற திட்டத்தோடு வருபவர் அந்தத் திட்டத்தைக் குறிகட்டுவானிலேயே இறக்கி வைத்துவிட்டு வரலாம்.

மின்சாரம் நீண்ட காலம் டீசல் இயந்திரத்தை நம்பியே இருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு 2021இல் ஒரு சீன நிறுவனம் தெரிவானது. இந்தியா ஆட்சேபித்ததில் அது நின்றது. பிறகு இந்திய நன்கொடையில் அதே திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. ஒரு சின்னத் தீவின் விளக்குக்கு இரண்டு பெரிய நாடுகள் போட்டி போட்டிருக்கின்றன.

சட்டப் பக்கமும் எளிதல்ல. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜை இலங்கையில் காணியை விலைக்கு வாங்க முடியாது. நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கலாம். தொடர்மாடி வீட்டுக்கு விலக்கு உண்டு. நெடுந்தீவில் தொடர்மாடி உயரத்தில் இருப்பது பனையின் வட்டு மட்டும்தான். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கும் முதுசமாகப் பெறுபவர்களுக்கும் நிலைமை வேறு.

அடுத்தது தேசவழமை. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கூட்டுச் சொந்தக்காரர்களுக்குக் காணியை முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. பாட்டன் பெயரில் உள்ள ஓர் உறுதிப் பத்திரத்தில் இன்று மூன்று கண்டங்களில் பங்காளிகள் இருக்கலாம். அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் எழுதிய உறுதி பின்னாளில் வழக்காகும். போதாததற்குக் கடற்கரையிலிருந்து 300 மீட்டர்வரை கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பூங்கா எல்லை தனி.

லாபத்துக்கு வாங்கி விற்கும் ஊர் இது அல்ல. பூர்வீக வீடு உள்ளவர் கூரையைத் திருத்தி, மழைநீர்த் தொட்டி கட்டி, இரண்டு அறையை விருந்தினருக்குக் கொடுத்தால் அது நிற்கும். ஒடியற்கூழும் நண்டுக்குழம்பும் கொடுத்தால் இன்னும் நன்றாக நிற்கும்.

பார்க்க மட்டும் வருபவர்கள் மாசி முதல் சித்திரைக்குள் வரவும். காலைப் படகில் ஏறி, இறங்கிய உடனே திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளவும். தவறவிட்டால் இரவு அங்கேதான். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோய், வெற்றுப் போத்தலைத் திரும்பக் கொண்டுவரவும். காணி வாங்க நினைப்பவர்கள் ஆவணி மாதத்தில், சோழகம் அடிக்கும்போது, இன்னொருமுறை வரவேண்டும். அந்த வளவுக் கிணற்றுத் தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்த பிறகு நொத்தாரிசிடம் போகலாம்.