இது கணக்கு இல்லை மாமா

புன்னைக்காயலுக்குப் போனது பழைய அச்சுப் புத்தகக் கதையைத் தேடித்தான். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழில் தந்த ஹென்றிக்கஸ் அடிகளார் வாழ்ந்த ஊர் அது. தாமிரபரணி கடலில் கலக்கிற இடம். நண்பர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினேன். படித்துவிட்டு வந்தது என்னவோ அடுப்படியில்தான்!

நான் போய்ச் சேர்ந்த மத்தியானம், ஏழாம் வகுப்புப் படிக்கிற நண்பரின் மகள் ஊறப்போட அரிசி அளந்துகொண்டிருந்தாள். அம்மா விடியுமுன்னே மீன் வியாபாரத்துக்குப் போய்விடுவதால், காலைப் பலகாரம் இவள் பொறுப்பு.

"இவளுக்குக் கணக்கே ஏற மாட்டேங்குது. போன பரீட்சையில இருபத்தெட்டு" என்றார் நண்பர், அவள் காதுபடவே. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனை உழக்கும்மா?" என்றேன், பேச்சை மாற்ற.

"எப்பவும் நாலு அரிசிக்கு ஒரு உளுந்து. இன்னைக்கு நீங்க இருக்கீங்கல்லா... ஆறு போடுதேன். உளுந்து ஒண்ணரை."

விரல் விட்டுக்கூட எண்ணவில்லை. "இது கணக்குதானே?"

"இது கணக்கு இல்லை மாமா. இது சமையல்."

எனக்குச் சுருக்கென்றது. விகிதமும் பின்னமும் அவள் கையிலேயே இருக்கின்றன. அதற்குப் பெயர்தான் கணக்கு என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

மறுநாள் காலை அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். மாவு பொங்கியிருந்தது. "வெயில் காலத்துல சீக்கிரம் பொங்கிரும். மழைக்காலத்துல லேட்டாகும்" என்றாள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவில் பெருகி வாயுவை விடுகின்றன. உளுந்தின் பசை அதைப் பிடித்து வைக்கிறது. வெக்கையில் இந்த வேலை வேகமாக நடக்கும். அது அறிவியல்.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள். துளிகள் உருண்டு ஓடின. "முத்து மாதிரி ஓடுச்சுன்னா கல்லு ரொம்பக் காஞ்சிட்டுன்னு அர்த்தம்" என்று தீயைக் குறைத்தாள். தன் ஆவியின் மேலேயே துளி மிதக்கிற இந்தச் சங்கதியை 1756-ல் எழுதிவைத்தவர் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானியர். இயற்பியலில் அது இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. முத்துக் குளித்த கரையில் பிறந்த பிள்ளைக்கு அது முத்து!

சட்னிக்குப் போட்ட உப்பு, தூத்துக்குடி உப்பளத்தில் விளைந்தது. அது புவியியல். மிளகாய் வத்தல்? அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் கப்பலில் நம் நாட்டுக்கு வந்தது. ஹென்றிக்கஸ் அடிகளாரும் போர்ச்சுக்கீசியர்தான். நான் தேடிவந்த வரலாறு சட்னியில் கிடந்தது.

கைத்தொழில் வழியாகப் பாடம் சொல்லிக்கொடுங்கள் என்று 1937-லேயே வார்தாவில் காந்தி சொன்னார். நாமோ புத்தகப் பையின் கனத்தைக் கூட்டினோம்.

அவளுடைய கணக்கு நோட்டை வாங்கி, நாலுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்றரை என்று எழுதி, நடுவே சமக்குறி போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுதானா மாமா அது?"

அதற்குள் மூன்றாம் வகுப்புத் தம்பி தட்டை நீட்டினான். "அக்கா, இன்னொண்ணு!"

தோசையைத் திருப்பியபடியே அவள் கேட்டாள்: "இதுல இவ்வளவு பாடம் இருக்குன்னா, இவனும் படிக்கணும்லா மாமா?"

நண்பரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் கையிலும் தட்டுதான் இருந்தது.